எலிக்கணக்கில் ஒன்றரை

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அது என் கையில் இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது.

"ஐயையோ, கால்ல பட்டுச்சா?" நாற்காலியில் இருந்த டீச்சரம்மா பதறினார்.

"படலைம்மா, நீங்க ஆடாம உக்காருங்க. கை வழுக்கிடுச்சு."

வழுக்கவெல்லாம் இல்லை. என் வலது கையின் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் தடித்த கையுறை போட்டதுபோல் மரத்துப்போய்க் கிடந்தன. பக்கத்து நாற்காலிக்காரி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நானும் அவளும் சேர்ந்து நடத்துகிற கடை இது. இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, ஒரு வாஷ்பேசின், ஓயாத வாய் இரண்டு. பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள். கேட்டால் வள்ளென்று விழுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

என் தொழிலில் விரல்தான் கண். காதோரம் வெட்டும்போது இடது கையால் முடியைச் சீப்பில் எடுத்து, வலது கையின் நடுவிரலை நீட்டிக் காது மடலை மடக்கிப் பிடிப்பேன். கத்தரிக்கோலின் முதுகு அந்த விரலில் உரசும். உரசல் தெரிகிற வரைக்கும் காது பத்திரம். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து என் நாற்காலியில் உட்கார்ந்த ஒருவருக்கும் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. இதை வாய் கிழியச் சொல்லிக்கொள்கிறவள் நான். கடைக்கு வருகிறவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருப்பார்கள்.

நோய் என்னவென்றால், என் உடம்பின் காவல்காரனுக்குப் புத்தி பிசகிவிட்டது. வெளியிலிருந்து வருகிற கிருமியை விரட்டுவதை விட்டுவிட்டு என் நரம்பின் மேலிருக்கும் உறையைக் கடித்துக்கொண்டிருக்கிறான். கரண்ட் வயரின் மேல் பிளாஸ்டிக் உரிந்தால் என்ன ஆகுமோ அதுதான் எனக்கு ஆகிறது. போன வருஷம் இடது கண் மங்கி, ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு ஏற்றி, எப்படியோ திரும்பி வந்தது. குனிந்தால் கழுத்திலிருந்து முதுகுவரை ஷாக் அடிக்கும். டிரையரின் சூடு பட்டால் கால் துவண்டுபோகும். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் உட்காரத் தோன்றும். படுத்தால் காலுக்குள் எறும்பு ஊர்வலம் போகும். ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து அம்மாவின் பொறுமையைத் தீர்த்துவிட்டேன்.

இதற்கு மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. முதலில் ஒரு ஊசி. நானே என் தொடையில் குத்திக்கொள்ள வேண்டும். குத்தின இடமெல்லாம் கட்டி, குத்தின அன்றைக்கெல்லாம் காய்ச்சல். போதும்டா சாமி என்று நானே நிறுத்திவிட்டேன். இப்போது நரம்பு டாக்டர் இன்னொன்று சொல்கிறார். வருஷத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொள்ள வேண்டும். அது அந்தக் காவல்காரர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடும். சளி பிடித்தால்கூட உஷாராக இருக்க வேண்டுமாம். நானோ ஊர்ப்பட்ட தலைகளில் கை வைக்கிறவள். அவர்கள் என் முகத்துக்கு நேரேதான் தும்முவார்கள்.

அதனால் அவர் கொடுத்த தேதியைத் தள்ளிப்போட்டேன். மறுபடியும் கொடுத்தார், மறுபடியும் தள்ளிப்போட்டேன். பயம் மட்டும் காரணமில்லை. எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அது என் தம்பி வளர்க்கிற எலிக்கூண்டில் இருந்தது.

தம்பிக்கு நான் வைத்த பேர் எலிக்காரன். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். சுண்டெலிகளுக்கு என் நோயை வரவைப்பது, பிறகு ஏதோ ஒரு செடியின் சாற்றைக் கொடுத்து அது அடங்குகிறதா என்று பார்ப்பது, இதுதான் வேலை.

"அக்காவுக்கு வந்த வியாதிய எலிக்கு வரவைக்கிறதுக்கு உனக்குச் சம்பளம் வேறயா?" என்று முதல் நாளே கேட்டேன்.

அவன் சிரித்து மழுப்பினான். அவன் படித்ததற்கு வேறு நல்ல இடங்களெல்லாம் கிடைத்தன. எனக்கு ஸ்கேன் எடுத்த அதே மாதத்தில்தான் அவன் இந்த ஆய்வுக்கூடத்துக்கு எழுதிப்போட்டான். ஏன் என்று அவன் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை.

எலிக்கு எப்படி மார்க் போடுவார்கள் என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். நல்லா ஓடினால் பூஜ்யம். வால் தொங்கினால் ஒன்று. பின்னங்கால் தள்ளாடினால் இரண்டு. பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்தால் மூன்று. முன்னங்காலும் போனால் நான்கு. ஐந்து என்றால் கதை முடிந்தது.

அதைக் கேட்ட மறுநாளிலிருந்து எனக்கு நானே மார்க் போட ஆரம்பித்தேன். காலையில் எழுந்து குளியலறை வரைக்கும் நடந்துவிட்டு, "இன்னைக்கு எனக்கு ஒண்ணரைடா" என்று சமையலறையைப் பார்த்துக் கத்துவேன். "வால் இருந்திருந்தா இன்னும் கரெக்டா சொல்லியிருப்பேன்."

"அக்கா, இதுல விளையாடாத" என்பான். அவனுக்கு இது பிடிக்கவே இல்லை. "தனக்குத் தானே மார்க் போடக் கூடாது. எங்க லேப்லயே மார்க் போடுறவருக்கு எது மருந்து குடுத்த கூண்டு, எது சும்மாத் தண்ணி குடுத்த கூண்டுன்னு தெரியாது. தெரிஞ்சா, மருந்து குடுத்தது நல்லா நடக்குற மாதிரியே கண்ணுக்குத் தெரியும். ஆசை இருக்கிறவன் மார்க் போடக் கூடாதுக்கா."

"அப்ப ஆசை இல்லாதவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வா" என்பேன். மறுநாளும் ஒன்றரைதான். அதற்கடுத்த நாளும் ஒன்றரைதான்.

அந்தச் செடி ஒரு களை. பேர் சொன்னான், வாயில் நுழையவில்லை. போட்டோவைப் பார்த்த அம்மா, நம்ம தெருமுனைக் கால்வாய் ஓரத்தில் இது மண்டிக் கிடக்கிறதே என்று போய் ஒரு கட்டுப் பறித்துவந்து தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைத்தாள். தம்பி பார்த்துவிட்டு, "அம்மா, இது அது இல்ல. இது வேற. இதத் தின்னா பேதியாகும்" என்றான். அம்மா அசரவில்லை. "பச்சையா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குல்ல, இருந்துட்டுப் போகட்டும்" என்று அங்கேயே விட்டுவிட்டாள்.

முதல் சுற்றுச் சோதனை முடிந்த அன்று அவன் மாடிப்படி அதிர ஓடிவந்தான். மூச்சு வாங்கியது.

"நடக்குதுக்கா! சாறு குடுத்த எலியெல்லாம் நடக்குது! தண்ணி குடுத்ததெல்லாம் இழுத்துக்கிட்டுக் கெடக்கு, சாறு குடுத்தது கம்பியப் புடிச்சு ஏறுது!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா என்ன ஏது என்று தெரியாமலேயே கூட அழுதாள். அன்றைக்கே அவன் ஒரு வார்த்தை சொன்னான்: "இன்னொரு தடவை செஞ்சு பாக்கணும். அதுக்கு முன்னாடி ஒண்ணும் பேசக் கூடாது." அந்த வார்த்தை என் காதில் விழவே இல்லை. கம்பியைப் பிடித்து ஏறுகிற எலிதான் கண்ணுக்குள் நின்றது.

அடுத்த வாரம் நரம்பு டாக்டரிடம் போனேன். அவர் புது ஸ்கேனை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். கழுத்துப் பக்கம் புதிதாக ஒரு வெள்ளைப் புள்ளி.

"இது போன தடவை இல்ல. உங்க விரல் மரத்துப் போறதுக்கு இதுதான் காரணம். இனிமே தள்ளிப்போடாதீங்க. உறை போனதுக்கப்புறம் நரம்பும் போயிடும். போன நரம்பை என்னால திருப்பித் தர முடியாது."

"டாக்டர், செடியிலருந்து ஒரு மருந்து வருது. எலியெல்லாம் எந்திரிச்சு நடக்குது."

அவர் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "வரலாம்மா. வந்தா ரொம்ப சந்தோஷம். ஆனா எலியில நல்லா வந்த எத்தனையோ சங்கதி மனுஷன்கிட்ட வந்ததும் படுத்துக்கிச்சு. அது வர்ற வரைக்கும் உங்க நரம்பு காத்திருக்காது."

"என் தம்பி செய்றான் டாக்டர். வேற யாரோ இல்ல."

"அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். படுக்கை காலியாக இருப்பதாகவும் எப்போது வேண்டுமானாலும் போன் செய்யலாம் என்றும் சொல்லி ஒரு நம்பர் கொடுத்தார். நான் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தேன். விறுவிறு என்று நான் நினைத்துக்கொண்டேன். இடது கால் தரையைத் தேய்த்தது.

இரண்டாவது சுற்று நடந்தது. தம்பி விடியற்காலையில் போனான், இருட்டியபின் வந்தான். எனக்கு நிலைகொள்ளவில்லை. கடையில் ஒருவருக்கு வெட்டிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்துப் பார்ப்பேன். அவன் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே போய் நிற்பேன்.

"என்னடா சொல்லுது உன் எலிங்க?"

"இன்னும் முடியலக்கா."

"நேத்து என்ன மார்க்?"

"எனக்கே தெரியாதுக்கா. மார்க் போட்ட நோட்டைப் பிரிச்சாத்தான் தெரியும்."

பிறகு ஒரு நாள் அவன் வந்தான், செருப்பைக் கழற்றினான், நேரே போய்ப் படுத்துவிட்டான். கேட்டால் கிணற்றில் போட்ட கல். மறுநாளும் அப்படியே. சட்டையைக் கூட மாற்றவில்லை. அம்மா என்னிடம், "லவ்வு கிவ்வா இருக்குமோ?" என்று கிசுகிசுத்தாள். அது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனம் என்ன சொன்னது தெரியுமா? சந்தோஷத்தை ரகசியமாக வைத்திருக்கிறான், அவனுடைய பேராசிரியர் வெளியே சொல்லாதே என்றிருப்பார், அவ்வளவுதான் என்றது. ஆசை இருக்கிறவள் அப்படித்தானே நினைப்பாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கடைக் கதவு திறந்தது. தம்பி நின்றான். பக்கத்து நாற்காலிக்காரி சாப்பிடப் போயிருந்தாள், கடையில் நான் மட்டும்தான்.

"முடி வெட்டணும்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் தலையைத் தானே மெஷின் வைத்துச் சிரைத்துக்கொள்கிற கஞ்சன் அவன். "அக்கா கையால வெட்டிக்க இன்னைக்குத்தான் நேரம் வந்துச்சா? உக்காரு துரை."

துணியைப் போர்த்தினேன், தண்ணீர் தெளித்தேன், சீப்பை எடுத்தேன். கண்ணாடியில் அவன் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. நேருக்கு நேர் சொல்ல முடியாததைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் வந்திருக்கிறான். இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேர் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, பிரிச்சுப் பாத்தாச்சு."

"சொல்லு."

"சாறு குடுத்த எலி நடக்குது."

"அப்புறம் ஏண்டா இழவு வீட்டு மூஞ்சி?"

"சாறு குடுக்காத எலியும் நடக்குது."

என் கை நிற்கவில்லை. பின்னங்கழுத்து முடியை வெட்டிக்கொண்டே இருந்தேன். "புரியற மாதிரி சொல்லு."

சொன்னான். அந்தச் சாறு பாகு மாதிரி கெட்டி. எலிக்கு அதை வாய் வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுக் கொடுக்க வேண்டும். கெட்டியாக இருப்பதால் பெரிய குழாய், மெதுவாகத்தான் இறங்கும். இறங்கும் வரைக்கும் எலியைப் பிடரித் தோலைப் பிடித்து அசையாமல் தூக்கி வைத்திருக்க வேண்டும். முதல் சுற்றில் மற்ற எலிகளுக்குச் சும்மாத் தண்ணீர். சின்னக் குழாய், கண் மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும், உடனே கூண்டில் விட்டுவிடலாம்.

"மார்க் போடுறவருக்குத் தெரியாம இருக்க எல்லாம் பண்ணினோம். கூண்டுக்கு நம்பர் போட்டோம், லேபிளை மறைச்சோம். கையில புடிக்கிறவன் எவ்வளவு நேரம் புடிக்கிறான்னு யாரும் யோசிக்கல. புடிச்சது நான்தான்."

இரண்டாவது சுற்றில் பேராசிரியர் ஒரு மாற்றம் செய்யச் சொன்னாராம். தண்ணீரிலும் ஒன்றும் செய்யாத ஒரு பசையைக் கலந்து சாறு மாதிரியே கெட்டியாக்கி, அதே பெரிய குழாயில், அதே அளவு நேரம் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று. பசைத்தண்ணீர் குடித்த எலிகளும் கம்பியைப் பிடித்து ஏறின. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்த, கையே படாத எலிகள் மட்டும்தான் இழுத்துக்கொண்டு கிடந்தன.

"அப்ப எது குணமாக்குச்சு?"

"பயம்" என்றான். "தினமும் புடிச்சு நெரிச்சு வச்சிருந்தா அதுக்கு உயிர் பயம் வருது. பயந்தா உடம்பே ஒரு ஸ்டீராய்டைச் சுரக்கும். உனக்குக் கண்ணுக்கு ஏத்தினாங்களே, கிட்டத்தட்ட அந்த வகைதான். அது கொஞ்ச நாளைக்கு வியாதியை அமுக்கி வைக்குது. இப்போதைக்கு எங்களுக்குத் தோணுறது அதுதான்."

"அப்ப இலை?"

"இலை ஏதாவது செய்யுதான்னே தெரியலக்கா. செய்யலாம். முதல்லருந்து ஆரம்பிக்கணும். வருஷக்கணக்கா ஆகும். அப்பவும் ஒண்ணும் இல்லாமப் போகலாம்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. யார் மேல் என்று தெரியவில்லை. அவன் மேல், எலி மேல், களை மேல், ஜன்னலில் அம்மா வைத்திருக்கிற அந்தப் பேதி இலை மேல்.

"பயம்தான் மருந்தா? டேய், பயம்தான் மருந்துன்னா நான் இந்நேரம் ரேஸ் ஓடியிருக்கணும்டா! கண்ணு மங்கின நாள்லருந்து நான் பயப்படாத நாளு உண்டா? படுத்தா பயம், எந்திரிச்சா பயம், காலுக்குக் கீழ தரை இருக்கான்னு பயம்! உன் எலிக்கு ஒரு பயத்துல கால் வருது, எனக்கு இத்தனை பயத்துக்கும் விரல் போகுது! என்ன கணக்குடா இது?"

கத்திக்கொண்டே வெட்டினேன். வலது பக்கம் முடித்து இடது பக்கம் வந்தேன். சீப்பு, கத்தரி, சீப்பு, கத்தரி. அவன் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. அழட்டும் என்று விட்டேன். எனக்கும் அழுகைதான், ஆனால் வெட்டும்போது நான் அழுவதில்லை.

"உன்னை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தேன்டா."

"தெரியும்க்கா. அதான் மூணு நாளா சோறு எறங்கல."

"உன் மேல தப்பில்ல, நீதான் இன்னொரு தடவை பாக்கணும்னு சொன்னியே. எனக்குத்தான் காது அடைச்சுப்போச்சு." இதைச் சொன்னபோது என் கோபம் பாதி இறங்கிவிட்டது. துணியை உதறலாம் என்று கழுத்து முடிச்சை அவிழ்த்தேன்.

வெள்ளைத் துணியின் ஓரத்தில் சிவப்பாக இருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன். அவன் இடது காதின் மேல்மடலில் ஒரு கீறல். அங்கிருந்து ரத்தம் காது மடிப்பு வழியாக இறங்கிக் கழுத்தில் கோடு போட்டிருந்தது. என் நடுவிரல் நுனியிலும் ரத்தம். காது மடலை மடக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது அந்த விரல். கத்தரி உரசியதும் அதற்குத் தெரியவில்லை, தோல் கிழிந்ததும் தெரியவில்லை, ஈரம் பட்டதும் தெரியவில்லை.

"எப்படா பட்டுச்சு?"

"கொஞ்ச நேரம் முன்னாடி."

"ஏண்டா சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பெருசா வலிக்கலக்கா."

பொய் சொல்கிறான். காது மடலை வெட்டினால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியாதா? நான் கத்திக் கத்தித் தீர்க்கட்டும் என்று வலியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், மடையன். பஞ்சை எடுத்து அழுத்தினேன். பஞ்சு விரலில் பட்டதே தெரியாததால் இடது கைக்கு மாற்றி அழுத்திப் பிடித்தேன். இத்தனை வருஷ வாய்ச்சவடால் அந்தப் பஞ்சில் சிவப்பாக ஊறியது. நாளைக்கு டீச்சரம்மா வருவார், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். இந்தக் கையை அவர்கள் காதருகே நான் எப்படிக் கொண்டுபோவேன்?

"டேய், எனக்கு மார்க் போடு" என்றேன்.

"அக்கா..."

"உன் எலிக்குப் போடுற மாதிரி. இப்ப நான் கதவு வரைக்கும் நடந்துட்டு வர்றேன். பாத்துட்டுச் சொல்லு."

நடந்தேன். வாஷ்பேசினைப் பிடிக்காமல், சுவரைப் பிடிக்காமல் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். இடது கால் தரையில் தேய்கிற சத்தம் எனக்கே கேட்டது. மின்விசிறி ஓடாததால் நன்றாகவே கேட்டது.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் போடக் கூடாதுக்கா."

"ஏன்?"

"எனக்கு ஆசை இருக்கு."

அவன் காதில் பிளாஸ்டர் ஒட்டினேன், கோணலாகத்தான் ஒட்ட முடிந்தது. கைப்பையைக் கவிழ்த்து நரம்பு டாக்டர் கொடுத்த நம்பரைத் தேடி எடுத்தேன். வலது விரலுக்குப் பொத்தான் தெரியவில்லை என்பதால் இடது கையாலேயே ஒவ்வொன்றாக அழுத்தினேன். மணி அடித்தது. தம்பி எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டான்.

"டாக்டர், நான்தான், முடி வெட்டுறவ" என்றேன். "அந்தப் படுக்கை இன்னும் காலியா இருக்கா?"